உள்ளங்கை ஒரு சதவீதம்

தோல் மருத்துவர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு. விரல்களையும் சேர்த்து ஒருவருடைய உள்ளங்கை, அவருடைய மொத்தத் தோல் பரப்பில் ஏறத்தாழ 1 சதவீதம். முழங்கையில் ஒரு கை, முதுகில் இரண்டு கை, காலில் மூன்று கை என்று கண்ணாலேயே அளந்து கூட்டினால், சொரியாசிஸ் உடம்பில் எவ்வளவு படர்ந்திருக்கிறது என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். 3 சதவீதத்துக்குள் என்றால் லேசானது. 10 சதவீதத்தைத் தாண்டினால் கடுமையானது.

மதுரையில் ஒரு பரோட்டா மாஸ்டருக்கு இரண்டு உள்ளங்கைகளில் மட்டும் சொரியாசிஸ் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேற்படிக் கணக்கில் 2 சதவீதம். ‘லேசானது’ என்ற வரிசையில் விழுவார். தடித்து வெடித்த கையோடு உப்பும் எண்ணெயும் சேர்ந்த மாவைப் பிசைவது எப்படி எரியும் என்பது ஒரு பக்கம். கடை வாசலில் கல்லுக்கு முன்னால் நின்று மாவு வீசுகிறவரின் கையைத்தான் சாப்பிட வருகிற அத்தனை பேரும் பார்க்கிறார்கள் என்பது இன்னொரு பக்கம். முதலாளி நல்ல மனுஷராக இருந்தால், “மாஸ்டர், கை சரியானதும் வாங்க” என்பார். தோலில் 2 சதவீதம், பிழைப்பில் முழுதும். சிமென்ட் குழைக்கிற சித்தாள், செல்லூரில் தறியில் உட்காருகிறவர், திண்ணையில் அமர்ந்து மல்லிகைச் சரம் தொடுத்துக் கொடுக்கும் பெண் என்று கையை நம்பிப் பிழைக்கிற எல்லோருக்கும் இதே கணக்குதான்.

படை எவ்வளவு பெரியது என்பதை வைத்து வாழ்க்கை எவ்வளவு சேதப்பட்டது என்று சொல்ல முடியாது என்பதை மருத்துவம் ஒப்புக்கொள்ள வெகுகாலம் ஆனது. ஒப்புக்கொண்ட பிறகு செய்த அளவுகோலும் நம்மூர்ப் பக்கம் வரும்போது சில இடங்களில் இடறுகிறது. அந்த இடறலைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். அதற்கு முன் நோய் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும்.

மேல்தோலின் அடியடுக்கில் பிறக்கும் செல், மேலே நகர்ந்து வந்து, செத்து, கண்ணுக்குத் தெரியாத தூசாக உதிர ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். சொரியாசிஸ் உள்ள இடத்தில் அதே பயணம் நான்கைந்து நாளில் முடிந்துவிடுகிறது. அவசரமாக மேலே வரும் செல்கள் முதிராதவை. வழியிலேயே கழித்துவிட வேண்டிய உட்கருவைக்கூடச் சுமந்துகொண்டு வந்து சேர்கின்றன. தனித்தனியாக உதிராமல் அடுக்கடுக்காகச் செதிலாய் நிற்கின்றன. செதில்களுக்கு நடுவே சிக்கிய காற்றுதான் அந்த வெள்ளி மினுமினுப்பு. நகத்தால் மெதுவாகச் சுரண்டினால் மெழுகுவர்த்தியைச் சுரண்டியது போலத் தூள் விழும். விடாமல் சுரண்டினால் ஊசி குத்திய மாதிரிப் புள்ளி புள்ளியாக இரத்தம் அரும்பும். அடியில் இருக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்து, மேல்மட்டத்துக்கு வெகு அருகில் வந்து நிற்பதே காரணம். ஆஸ்பிட்ஸ் அடையாளம் என்று வியன்னா மருத்துவர் ஒருவரின் பெயரால் இதைச் சொல்கிறார்கள்.

தோலை இப்படி விரட்டுவது உடம்பின் சொந்த எதிர்ப்பாற்றல். டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் காரணமில்லாமல் கிளர்ந்து, ஐ.எல்-23, ஐ.எல்-17, டி.என்.எஃப். ஆல்ஃபா என்ற வேதிச் செய்திகளை ஓயாமல் அனுப்ப, தோல் செல்கள் அதைக் கேட்டுப் பெருகுகின்றன. பெருகிய தோல் செல்கள் திரும்ப வெள்ளையணுக்களைத் தூண்டுகின்றன. மரபணுவில் இதற்கான நாட்டம் இருக்கிறது. ஆனாலும் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. நாட்டம் உள்ளவருக்கு நோயைக் கிளப்பிவிடுவது தொண்டையில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றாக இருக்கலாம், இரத்தக் கொதிப்புக்குத் தரும் சில மாத்திரைகளாக இருக்கலாம், குடி, பீடி, சிகரெட், மன உளைச்சலாக இருக்கலாம். காயமும் கிளப்பும். நோயாளியின் நல்ல தோலில் ஒரு கீறல் விழுந்தால், சில நாளில் அந்தக் கீறலின் கோட்டிலேயே படை முளைக்கும். 19ஆம் நூற்றாண்டில் ஹைன்ரிக் கோப்னர் என்ற ஜெர்மானிய மருத்துவர் கவனித்துச் சொன்னது இது. முழங்கை, முழங்கால் என்று உராயும் இடங்களை இந்த நோய் தேடிப் போவதில் இதற்கும் பங்கு உண்டு.

இத்தனையிலும் ஒருவர் தோலிலிருந்து இன்னொருவர் தோலுக்குத் தாவும் கிருமி என்று ஒன்று வரவேயில்லை. தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. உமிழ்நீர், துண்டு, படுக்கை, தாம்பத்தியம் எதனாலும் ஒட்டாது. ஆனால் மதுரையில் டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கிறவரின் முழங்கையைப் பார்த்ததும் பக்கத்தில் இருப்பவர் முதலில் கேட்பது, “என்னண்ணே இது, ஒட்டுவாரொட்டியா?” என்பதுதான். கேட்கிறவராவது பரவாயில்லை. கேட்காமல் நகர்ந்து நிற்கிறவருக்கு விளக்கம் சொல்லக்கூட வழியில்லை.

இந்தப் பயத்துக்கு ஒரு பழைய வேர் இருக்கிறது. இலண்டனில் இராபர்ட் வில்லன் 1808 வாக்கில் தோல் நோய்களை ஒழுங்குபடுத்தி எழுதியபோது, இன்று சொரியாசிஸ் என்கிறதன் பெரும்பகுதியை ‘லெப்ரா’ என்ற தலைப்பின் கீழ்தான் வைத்தார். வியன்னாவில் ஃபெர்டினாண்ட் ஹெப்ரா 1841இல் இரண்டும் வேறு வேறு என்று தீர்மானமாகப் பிரித்தார். அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் தொழுநோயாளி என்று ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவர்களில் எத்தனை பேர் சொரியாசிஸ்காரர்களோ, யார் கண்டது. நம் பக்கத்திலும் தொழுநோய் தூரத்துக் கதையில்லை. மானாமதுரையில் தயாபுரம் தொழுநோய் மருத்துவமனை இன்றும் இருக்கிறது. அங்கே உறவினரைக் கொண்டுபோய் விட்டுவந்த நினைவு பல கிராமங்களில் இருக்கிறது. அந்த நினைவில் வளர்ந்த கண், தோலில் எது தெரிந்தாலும் அதையே நினைக்கிறது. உண்மையில் பிரித்தறிவது கடினமே இல்லை. தொழுநோய்த் தேமலில் பஞ்சால் தடவினாலும் உணர்ச்சி தெரியாது அல்லது மங்கலாகத் தெரியும். செதிலும் அரிப்பும் பொதுவாக இருக்காது. சொரியாசிஸில் உணர்ச்சி முழுக்க இருக்கும். அரிப்பும் சேர்ந்து இருக்கும்.

இதைச் சொல்லும்போது, ‘நாங்கள் குஷ்டரோகி இல்லை, எங்களை ஏன் ஒதுக்குகிறீர்கள்’ என்ற தொனி வந்துவிடக்கூடாது. தொழுநோயும் மாத்திரையில் முழுக்கக் குணமாகும் நோய்தான்; அந்த நோயாளிகளை ஒதுக்கியதும் அநியாயமே. அந்த அநியாயத்தில் சட்டத்துக்கும் பங்கிருந்தது. இந்து திருமணச் சட்டத்தில் தொழுநோய் விவாகரத்துக்கு ஒரு காரணமாக எழுதப்பட்டிருந்ததை நாடாளுமன்றம் நீக்கியது 2019இல்தான். சொரியாசிஸ் எந்தச் சட்டத்திலும் அப்படி எழுதப்படவில்லை. கல்யாணத் தரகரின் மனத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

இனி அளவுகோலுக்கு வருவோம்.

சொரியாசிஸ் ஆய்வுகளில் உலகம் முழுக்கப் புழங்குவது ‘பாசி’ என்ற மதிப்பெண். 1978இல் ஃப்ரெட்ரிக்சன், பெட்டர்சன் என்ற இரு சுவீடன் மருத்துவர்கள் ஒரு மருந்துச் சோதனைக்காக உருவாக்கியது. உடம்பைத் தலை, கை, நடு உடல், கால் என்று நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சிவப்பு, தடிப்பு, செதில், பரப்பு ஆகியவற்றுக்கு எண் போட்டு, தலைக்கு 10 சதவீதம், கைக்கு 20, நடு உடலுக்கு 30, காலுக்கு 40 என்று எடை கொடுத்துக் கூட்ட வேண்டும். உச்சம் 72. பத்துக்கு மேல் என்றால் கடுமை.

பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டால் ஒரு வேடிக்கை தெரியும். ஒருவருக்குத் தலை, முகம், கழுத்து முழுவதும், ஓரிடம் விடாமல், இருக்கக்கூடிய மிக மோசமான அளவில் சொரியாசிஸ் வந்து, உடம்பின் மற்ற பாகம் சுத்தமாக இருந்தால் அவருடைய பாசி எண் 7.2. பத்தைத் தொடாது. கண்ணாடியில் பார்க்கவே அஞ்சுகிற முகத்தோடு இருப்பவர், கணக்கில் கடுமையான நோயாளி இல்லை! இன்னொன்று, சிவப்பு. வெள்ளைத் தோலில் பளிச்சென்று தெரியும் சிவப்பு, நம் கறுப்பிலும் மாநிறத்திலும் ஊதாவாக, அடர்பழுப்பாக மறைந்து நிற்கிறது. பழக்கமில்லாத கண் அதற்குக் குறைவாகத்தான் எண் போடும். செதில் போய் நோய் அடங்கிய பிறகும் அந்த இடத்தில் கறுப்போ வெளுப்போ மாதக்கணக்கில் தங்கும். பாசியின்படி பூஜ்யம், சேலை கட்டும்போது அந்தக் கையை எப்படி மறைப்பது என்று யோசிக்கிற பெண்ணுக்குப் பூஜ்யம் இல்லை.

இதைச் சரிசெய்யத்தான் நோயாளியிடமே கேட்கும் முறை வந்தது. வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரில் ஆண்ட்ரூ ஃபின்லே என்ற தோல் மருத்துவர் 1987இல் சொரியாசிஸுக்கென்று ஒரு கேள்வித்தாளும், பிறகு குல் கரீம் கானுடன் சேர்ந்து 1994இல் எல்லாத் தோல் நோய்களுக்குமாக ஒன்றும் கொண்டுவந்தார். ‘டி.எல்.க்யூ.ஐ.’ என்று அழைக்கப்படும் இரண்டாவதுதான் நிலைத்தது. ஒரே பக்கம், பத்துக் கேள்வி, எல்லாம் கடந்த ஒரு வாரத்தைப் பற்றி. அரிப்பு, கூச்சம், கடைகண்ணி, உடை, விசேஷம், விளையாட்டு, வேலை, உறவுகள், தாம்பத்தியம், கடைசியாகச் சிகிச்சையே தரும் தொல்லை. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று. மொத்தம் 30. பத்துக்கு மேல் போனால் நோய் வாழ்க்கையைப் பெரிதாகப் பாதித்திருக்கிறது என்று பொருள். 2005இல் ஃபின்லே ஒரு எளிய விதியும் சொன்னார். பரப்பு, பாசி, இந்தக் கேள்வித்தாள் மூன்றில் ஏதாவது ஒன்று பத்தைத் தாண்டினால் அது கடுமையான சொரியாசிஸ்தான். நோயாளியின் வாய்ச்சொல்லுக்கு மருத்துவரின் கண்ணுக்குச் சமமான இடம் கிடைத்தது. மருத்துவத்தில் இது சின்ன விஷயமில்லை.

அந்தத் தாளை மதுரைச் சுற்றுவட்டாரத்தில் ஒருவரிடம் கொடுத்தால் என்ன ஆகும்?

உடை பற்றிய கேள்வியிலேயே நிறைய வந்துவிடும். சித்திரையில், அழகர் ஆற்றில் இறங்கும் நாளில், ஊரே வெந்துகொண்டிருக்கும்போது முழுக்கைச் சட்டையைப் பொத்தான் போட்டு மூடிக்கொண்டு நிற்பவர்களில் சிலருக்கு அது நாகரிகம் இல்லை, மறைப்பு. கறுப்புச் சட்டை போட்டால் தோளில் தலைச்செதில் கொட்டிக் கிடப்பது தெரியும். வெள்ளை போட்டால் சொறிந்த இடத்தின் இரத்தப் பொட்டு தெரியும். நடுவாந்திரமாகச் சாம்பல் நிறம், கட்டம் போட்டது என்று துணி எடுக்கப் பழகியிருப்பார்கள். சலூனுக்குப் போவதை நிறுத்திவிட்டு வீட்டிலேயே மெஷின் வாங்கி முடிவெட்டிக்கொள்வார்கள்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. சூரிய ஒளியில் உள்ள புற ஊதா பி கதிர், அதிலும் 311 நானோமீட்டரை ஒட்டிய ஒரு குறுகிய பட்டை, தோலில் கிளர்ந்து நிற்கும் டி செல்களை அடக்கிவிடும். மருத்துவமனைகளில் ஆளுயரக் குழல்விளக்குப் பெட்டிக்குள் நோயாளியை நிற்கவைத்துத் தருவது இந்த ஒளியைத்தான். ஐரோப்பியர்கள் இதற்காக விமானம் ஏறிச் சாக்கடலுக்குப் போய் வெயிலில் கிடக்கிறார்கள். நிலநடுக்கோட்டிலிருந்து பத்து டிகிரி தள்ளி இருக்கும் மதுரையில் அந்த ஒளி வருடம் முழுக்க இலவசமாகக் கொட்டுகிறது. அதற்கு மிகவும் தேவைப்படுகிற தோல்தான் துணிக்குள் ஒளிந்திருக்கிறது. இதைப் படித்துவிட்டு யாரும் உச்சிவெயிலில் போய் நிற்க வேண்டாம். தோல் கன்றிப்போனால் கன்றிய இடத்திலேயே கோப்னர் சொன்னபடி புதுப்படை முளைக்கும். எவ்வளவு நேரம், எந்த வேளை என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். விளக்குச் சிகிச்சை என்றால் வாரத்துக்கு மூன்று நாள், இரண்டு மூன்று மாதம். உசிலம்பட்டியிலிருந்து 40 கிலோமீட்டர் அளவில் பஸ் ஏறி, கோரிப்பாளையம் பக்கம் பெரியாஸ்பத்திரிக்கு வந்து, மூன்று நிமிடம் விளக்கில் நின்று திரும்பிப் போகிறவருக்கு அது முப்பது நாள் கூலி.

விசேஷம் பற்றிய கேள்வி இங்கே இன்னும் கனமானது. கார்டிஃபில் ‘சமூக, ஓய்வுநேர நிகழ்ச்சிகள்’ என்று பொதுவாக எழுதினார்கள். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் அதற்குப் பெயர் கல்யாணம், காதுகுத்து, வசந்த விழா, மொய். போகாமல் இருக்க முடியாது. போகாவிட்டால் அது பகை. எனவே போவார்கள். மொய் எழுதிவிட்டுப் பந்தியில் உட்காராமல், “வயிறு சரியில்லத்தா” என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள். இன்னும் கொஞ்சம் முற்றினால் மொய்யை மட்டும் ஆள் மூலம் கொடுத்தனுப்புவார்கள். பந்தியில் பரிமாறுவது நம்மூரில் சொந்தக்காரர் என்பதற்கான அடையாளம். சாம்பார் வாளியைத் தூக்கப் போனவரிடம், “நீங்க உக்காருங்க மாப்ள, பசங்க பாத்துக்குவாங்க” என்று இதமாக வாங்கிக்கொள்வார்கள். மரியாதை மாதிரியேதான் இருக்கும். வாளியைக் கொடுத்தவருக்கு விஷயம் தெரியும்.

சாப்பாட்டில் இன்னொரு தொல்லை, பத்தியம். கத்தரிக்காய், கருவாடு, நிலக்கடலை எல்லாம் கரப்பான் பண்டம், தொடாதே என்று ஊரே சொல்லும். இவற்றை நிறுத்தினால் சொரியாசிஸ் அடங்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. அதிக எடையைக் குறைத்தால் நோய் தணிகிறது, மருந்தும் நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. குடி கூட்டுகிறது என்பதற்கும் இருக்கிறது. கருவாட்டை விடச் சொல்கிற மாமா பெரும்பாலும் டாஸ்மாக்கைப் பற்றிப் பேசுவதில்லை.

பத்தாவது கேள்வி சிகிச்சையின் தொல்லை. வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் சில நாளில் மைநிறத்துக்கு மாறும். சித்த மருத்துவம் காளாஞ்சகப்படை என்று சொல்லும் நோய்க்கு இந்தத் தைலத்தைத் தருகிறார்கள், டாக்டர் ஜே.ஆர்.கிருஷ்ணமூர்த்தியின் முயற்சியில் 777 ஆயில் என்ற பெயரில் கடைக்கும் வந்தது. செதிலை இளக்கி, அரிப்பைத் தணிப்பதில் பலருக்கு இது உதவுகிறது. எண்ணெய்ப் பூச்சு எதுவானாலும் வறண்ட செதிலுக்கு நல்லதுதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெரிய அளவில் நடந்த சோதனைகள்தான் இன்னும் வேண்டும். ஆனால் ஊதா எண்ணெய் பூசிய உடம்போடு பாய், தலையணை, வேட்டி, சேலை எல்லாம் என்ன ஆகும்? தினமும் துவைக்கத் தண்ணீர் வேண்டும். கோடையில் குடத்துக்கு வரிசை நிற்கும் தெருவில் அந்த ஒரு குடம் யாருடையது? ஆங்கில மருத்துவத்துக் கரித்தார் களிம்பும் இதில் சளைத்ததில்லை, அதன் வாடை வேறு.

கறையும் வாடையும் இல்லாத மருந்து என்று மெடிக்கல் ஷாப்பில் கைநீட்டி வாங்குவது ஸ்டீராய்டு களிம்பு. அளவோடு, மருத்துவர் சொன்ன இடத்தில், சொன்ன நாள் மட்டும் பூசினால் மிக நல்ல மருந்து. வருடக்கணக்கில் தானாக வாங்கிப் பூசினால் தோல் காகிதமாய் மெலியும். நிறுத்தியதும் நோய் முன்னைவிடக் கிளம்பும். சீட்டு இல்லாமல் இவற்றை விற்பதற்கு இருந்த சலுகையை மத்திய அரசு 2018இல் நீக்கியது. கடைகளில் வழக்கம் அவ்வளவாக நீங்கவில்லை. களிம்பைவிட ஆபத்து, ‘பொடி’ என்றும் ‘லேகியம்’ என்றும் கைமருந்துக்காரர்கள் தரும் பொட்டலத்தில் கலந்திருக்கக்கூடிய ஸ்டீராய்டு. பத்து நாளில் தோல் மின்னும். நிறுத்தினால் சிலருக்கு உடம்பு முழுக்கச் சிவந்து உரியும், சீழ்க்கொப்புளம் பொங்கும். உயிருக்கே ஆபத்தாகி மருத்துவமனையில் சேர்க்க நேரும்.

மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைப் பற்றியும் ஒரு வரி. அரசு மருத்துவமனையில் இலவசமாகவும் வெளியே மலிவாகவும் கிடைக்கும் பழைய, நம்பகமான மருந்து. ஆனால் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். மற்ற மாத்திரையைப் போலத் தினமும் போட்டுவிட்டு இறந்தவர்கள் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத வீட்டில், ‘வெள்ளிக்கிழமை மாத்திரை’ என்று பெயரே வைத்துவிடுவது நல்லது. குழந்தைக்குத் திட்டமிடுகிற கணவன் மனைவி இதை மருத்துவரிடம் முன்னரே சொல்லியாக வேண்டும். அசிட்ரெட்டின் என்ற இன்னொரு மாத்திரை என்றால், பெண்கள் நிறுத்திய பிறகும் மூன்று வருடம் கருத்தரிக்கக் கூடாது. இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு மூன்று வருடம் என்பது நம் குடும்பங்களில் என்ன பொருள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஐ.எல்-17ஐயும் டி.என்.எஃப்.ஐயும் நேராகக் குறிவைக்கும் ஊசிகள் வந்திருக்கின்றன. பலருக்குத் தோலைக் கிட்டத்தட்ட முழுக்கத் தெளிய வைக்கின்றன. பயோகான் நிறுவனம் 2013இல் இட்டோலிசுமாப் என்ற ஊசியை இங்கே வெளியிட்டது. 2014இல் அடாலிமுமாப் ஊசியின் இந்தியப் பிரதி வந்தது. விலை இறங்கியிருக்கிறது. பூக்கட்டும் குடும்பத்துக்கு எட்டும் அளவுக்கு இறங்கவில்லை.

நோய் தோலோடு நிற்பதில்லை என்பதும் இப்போது தெளிவு. நோயாளிகளில் நூற்றுக்கு முப்பது பேருக்கு வரை மூட்டுவாதம் வரக்கூடும் என்கின்றன மேலைநாட்டு ஆய்வுகள். இந்தியப் பதிவுகளில் குறைவு. நகத்தில் குண்டூசி குத்தியது போன்ற குழிகளும், காலையில் எழுந்ததும் விரல் மடங்காத இறுக்கமும் முன்னறிவிப்பு. நம் பக்கம் இதைச் சிக்குன்குனியா விட்டுப்போன வலி என்று எடுத்துக்கொண்டு காலம் கடத்துவதுண்டு. சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, மாரடைப்பு, மனச்சோர்வு எல்லாம் இவர்களுக்குக் கூடுதல். மனச்சோர்வு நோயைக் கூட்ட, நோய் மனச்சோர்வைக் கூட்டும். அவரிடம் போய் “டென்ஷன் ஆகாதீங்க” என்பது உபதேசங்களிலேயே உபயோகமற்றது.

உலக சுகாதாரச் சபை 2014இல் சொரியாசிஸை நாள்பட்ட, தொற்றாத, வலிமிகுந்த, முடக்கக்கூடிய நோய் என்று தீர்மானம் போட்டு அறிவித்தது. தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021இலிருந்து தொற்றாத நோய்களுக்கான மாத்திரையை வீட்டு வாசலில் கொடுக்கிறது. அதன் கவனம் சர்க்கரையும் கொதிப்பும். இந்தியாவில் சொரியாசிஸ் நூற்றுக்கு 0.44இலிருந்து 2.8 பேர் வரை என்று வெவ்வேறு ஆய்வுகள் சொல்கின்றன. ஒன்று என்று வைத்தால்கூட, 2011 கணக்கெடுப்பில் 30 லட்சம் பேர் இருந்த மதுரை மாவட்டத்தில் முப்பதாயிரம் பேர். கொதிப்பு மாத்திரை கொடுக்க வருகிற அந்த அம்மாவே முழங்கையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனால் என்ன?

மேலைநாடுகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏறக்குறையச் சமமாக வரும் இந்த நோய், இந்திய மருத்துவமனைப் பதிவுகளில் ஆண்களுக்கு இரண்டு மடங்காகத் தெரிகிறது. நம் பெண்களின் மரபணு தனி ரகம் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் வரிசைக்கு வரவில்லை என்பதே என் சந்தேகம். கல்யாணமாகாத பெண்ணைத் தோல் பிரிவு வாசலில் யாராவது பார்த்துவிடக்கூடாது. கல்யாணமானவளுக்கு மாமியார் வீட்டில் தெரியக்கூடாது.

அப்படியே வந்து அந்தத் தாளை நிரப்பினாலும் என்ன நேரும் என்பதுதான் நான் சொல்ல நினைத்த இடறல். பத்தில் எட்டுக் கேள்விகளுக்கு ‘எனக்குப் பொருந்தாது’ என்று ஒரு விடை இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் மதிப்பெண் பூஜ்யம். ஐம்பத்தைந்து வயதான, கணவரை இழந்த ஒரு பெண்ணை நினையுங்கள். விளையாட்டு: பொருந்தாது. தாம்பத்தியம்: பொருந்தாது. பூப்பறிக்கும் வேலையைப் போன வருடமே விட்டுவிட்டார், வேலை: பொருந்தாது. விசேஷங்களுக்குப் போவதை நிறுத்தி நாளாகிவிட்டது. போன வாரம் எதற்கும் போகவில்லை, எதனாலும் தடைபடவில்லை. அதுவும் பொருந்தாது. அரிப்புக்கு மூன்று, கூச்சத்துக்கு இரண்டு. மொத்தம் ஐந்து. ‘சிறிய பாதிப்பு.’ அரைக்கைச் சட்டை போட ஆசைப்பட்டு முடியாமல் போகிற கல்லூரி மாணவருக்குப் பதினான்கு வரும். வாழ்க்கையைச் சுருக்கிச் சுருக்கி ஒரு அறைக்குள் வைத்துக்கொண்டவருக்குத் தாளில் கிட்டத்தட்ட நலம்.

இந்தக் குறை ஆய்வாளர்களுக்கும் தெரியும். புடாபெஸ்டைச் சேர்ந்த ஃபன்னி ரென்ட்ஸ் குழுவினர் 2018இல் ‘பொருந்தாது’ விடைகளுக்கு ஏற்ப மொத்தத்தைத் திருத்தும் முறை ஒன்றை முன்வைத்தார்கள். அதற்கு முன்பே 2010இல் அமெரிக்க மருத்துவர் அலெக்சா கிம்பாலும் குழுவினரும், ஒரு வாரத்தைக் கேட்பது போதாது, ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும் இழப்பைப் பார்க்க வேண்டும் என்று எழுதினார்கள். விட்டுப்போன படிப்பு, எடுக்காத வேலை, நடக்காத கல்யாணம் எதுவும் ‘கடந்த வாரத்தில்’ விழாது. நோய் பின்னாளில் நல்ல மருந்தால் அடங்கினாலும் அவை திரும்பி வருவதில்லை என்பதால், இளவயதில் வந்தவருக்குச் சிகிச்சையை வலுவாகவே தொடங்க வேண்டும் என்ற வாதம் இதிலிருந்துதான் வலுப்பெற்றது.

ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான பேரைப் பார்க்கும் அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவில் பத்துக் கேள்விக்கே நேரமில்லை, திருத்தக் கணக்குக்கு எங்கே போவது என்றால் அது நியாயமான கேள்வி. நம்மூருக்கு ஒரே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் சிபாரிசு செய்வது இது: “கடைசியா எந்தக் கல்யாணத்துல பந்தியில உக்காந்து சாப்பிட்டீங்கம்மா?” போன மாதம் என்றால் களிம்பு எழுதலாம். ஞாபகம் இல்லை என்றால், உள்ளங்கையால் அளந்த எண் என்னவாக இருந்தாலும், அடுத்த கட்ட மருந்தைப் பற்றிப் பேச வேண்டிய நோயாளி அவர்.